தோல் ஒட்டிய விமானம்

நான் ஒரு விமானத்துக்குத் தோல் ஒட்டியிருக்கிறேன். செருப்பு தைக்கிறார்களே, அந்த மாதிரித் தோல்தான். சிரிக்காதீர்கள். அந்த விமானம் பறக்கவும் செய்தது. மொத்தம் நாலரை நிமிடம்.

விமானம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இந்த இறக்கை நுனியிலிருந்து அந்த நுனி வரை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. எடை 600 கிராம். பால்சா என்று ஒரு மரம் இருக்கிறது. கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. அதில் செய்தது.

1999. கோயம்புத்தூரில் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாத துக்கத்தை மறக்க என்.சி.சி.யில் சேர்ந்திருந்தேன். அதிலும் ஏர் விங். ஆர்மி விங்கில் வெயிலில் நிறைய நடக்க விடுவார்கள் என்று ஒரு சீனியர் சொன்னதுதான் காரணமே தவிர, ஆகாயத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட காதல் எதுவும் கிடையாது.

ஏர் விங்கில் ஏரோ மாடலிங் என்று ஒரு சமாசாரம் உண்டு. அதற்கென்றே ஒரு இன்ஸ்ட்ரக்டர். அவரேதான் ஸ்டோர் கீப்பரும். இன்னொரு பால்சா பலகை வேண்டும் என்று போய் நின்றால் இன்ஸ்ட்ரக்டர் சந்தோஷப்படுவார், ஸ்டோர் கீப்பர் வருத்தப்படுவார். இரண்டும் ஒரே முகத்தில் நடக்கும். பார்க்க நன்றாக இருக்கும்.

நாங்கள் செய்தது கண்ட்ரோல் லைன் ரகம். ரிமோட் எல்லாம் கிடையாது. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். ஒரு முனை விமானத்தில், இன்னொரு முனை உங்கள் கையிலிருக்கும் கைப்பிடியில். நீங்கள் நடுவில் நிற்பீர்கள், விமானம் உங்களைச் சுற்றி வரும். கைப்பிடியை இப்படிச் சாய்த்தால் ஏறும், அப்படிச் சாய்த்தால் இறங்கும். செக்கு மாடு மாதிரிதான். இங்கே மாடு பறக்கும், செக்குக்குத் தலை சுற்றும். அவ்வளவுதான் வித்தியாசம்.

என்ஜின் கல்கத்தாவில் செய்தது. 2.5 சி.சி. டீசல். டீசல் என்று பெயரே தவிர பங்க்கில் போடுகிற டீசல் இல்லை. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம பங்கு. கிளப்பினால் மைதானத்தில் ஆஸ்பத்திரியும் அடுப்பங்கரையும் சேர்ந்து வாசனை அடிக்கும். இதில் விளக்கெண்ணெய் எரியாது. அது உராய்வுக்காகச் சேர்ப்பது. புகையோடு வெளியே வந்து விமானத்தின் மேல் முழுக்கப் பூசிக்கொள்ளும். இந்த விளக்கெண்ணெயைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வேண்டும்.

விமானத்தின் உடம்பும் இறக்கையும் சேர்கிற இடத்தில் ஒரு மூலை வரும் இல்லையா? அதை மூலையாகவே விடக் கூடாது. வளைவாக நிரப்ப வேண்டும். அந்த வளைவுக்கு ஃபில்லெட் என்று பெயர். ஓட்டல் மெனுவில் முள் எடுத்த மீனுக்குப் போடுகிற அதே ஸ்பெல்லிங்.

எதற்கு நிரப்ப வேண்டும்? அதற்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். 1930-களின் தொடக்கத்தில் விமானங்களின் இறக்கை உடம்பின் அடிப்பக்கத்துக்கு இறங்கி வந்த நேரம். கூடவே ஒரு தொல்லையும் வந்தது. சில விமானங்களில் வால் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. கலிபோர்னியாவில் தியோடர் வான் கார்மான் என்கிற ஹங்கேரிக்காரரின் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில், செயற்கையாகக் காற்று வீசுகிற சுரங்கத்தில் மாதிரி விமானத்தை வைத்துப் பார்த்தார்கள். அந்த மூலையில் காற்று ஒட்டி ஓட முடியாமல் பிய்த்துக்கொண்டு சுழல்கிறது, அந்தச் சுழல் போய் வாலில் மோதுகிறது என்று தெரிந்தது. மூலையை வளைவாக நிரப்பினார்கள். ஆட்டம் அடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்த வளைவை 'கார்மான்' என்றே சொல்கிறார்கள். பழைய டகோட்டா விமானத்தின் படம் எங்கேயாவது கண்ணில் பட்டால் இறக்கை உடம்பில் சேரும் இடத்தைப் பாருங்கள். கழுத்து தோளில் இறங்குகிற மாதிரி ஒரு வளைவு இருக்கும்.

என் 600 கிராம் விமானத்துக்குக் கார்மான் கவலைப்படுகிற அளவுக்கு வேகமெல்லாம் கிடையாது. ஆனாலும் ஃபில்லெட் அவசியம். விளக்கெண்ணெய் சொன்னேனே, அது மூலையில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் உள்ளே இறங்கும். பால்சா அதை ஸ்பாஞ்ச் மாதிரி குடிக்கும். எண்ணெய் குடித்த மரத்தில் பசை நிற்காது. ஒருநாள் நடுவானத்தில் இறக்கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். போதாததற்கு, முகாமில் பறப்பதற்கு முன்னால் விமானத்தை மேஜையில் வைத்து ஆபீசர்கள் வேலைப்பாட்டைப் பார்ப்பார்கள். அவர்கள் கண் முதலில் போகிற இடம் இந்த மூலைதான். விரலும் அங்கேதான் போகும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குழாய் ஒழுகினால் இரண்டு களிம்பைப் பிசைந்து ஒட்டுவோமே, அந்த எபாக்ஸியை வாங்கி வந்து மூலை முழுக்க அப்பினேன். விரலால் வழித்து வளைவும் கொண்டுவந்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் கல். உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், களிம்பு அசையவில்லை. அசைந்தது பக்கத்தில் இருந்த பால்சா. வளைவின் இரண்டு ஓரத்திலும் வாய்க்கால் வெட்டியது மாதிரி பள்ளம். எடை போட்டால் அந்தக் களிம்பு மட்டும் 45 கிராம். ஒரு சோதனைப் பறப்பில் தரையில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இறங்கியது. களிம்பு உடையவில்லை. அதன் ஓரத்தோடு பால்சா கீறிக்கொண்டு போனது.

முகாமுக்குப் பத்து நாள் இருந்தது.

வீட்டுத் திண்ணையில் விமானத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவுண்டரியிலிருந்து சைக்கிளில் வந்த அப்பா, ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஏங் கண்ணு, கல்லுக்கும் பஞ்சுக்கும் நடுவுல உப்புத்தாளு ஓட்டுனா பஞ்சுதானே தேயும்?"

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா பேட்டர்ன் மேக்கர். கணபதியில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் ஷாப் மேஸ்திரி. உங்கள் வீட்டுக் கிணற்றிலோ போரிலோ தண்ணீர் இறைக்கிற பம்ப் இருக்கிறதே, அதன் இரும்பு உடம்பை நேரடியாக யாரும் செதுக்குவதில்லை. முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்வார்கள். அதுதான் பேட்டர்ன். அதை மண்ணில் புதைத்து, மண்ணை இறுக்கி, அலுங்காமல் வெளியே எடுத்தால் உள்ளே பம்ப் வடிவத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதில் உருக்கிய இரும்பை ஊற்றினால் பம்ப். மரம் எப்படியோ இரும்பு அப்படி. மரத்தில் ஒரு கீறல் இருந்தால் ஆயிரம் பம்பிலும் அந்தக் கீறல் இருக்கும்.

அப்பாவின் ஸ்கேல் ஊரில் மற்ற ஸ்கேல் மாதிரி இருக்காது. இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று. அதனால் மரத்தை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் யார் கணக்குப் போடுவது? ஸ்கேலையே நீட்டிவிட்டார்கள். அதில் ஓர் அடி என்றால் 12 அங்குலத்துக்கு மேல் அரைக்கால் அங்குலம் கூட இருக்கும். ஐந்தாம் வகுப்பில் விஷயம் தெரியாமல் அந்த ஸ்கேலை வைத்து ஜியாமெட்ரி வீட்டுப்பாடம் செய்து, பத்து சென்டிமீட்டர் கோடு ஒரு மில்லிமீட்டர் நீண்டு, டீச்சரிடம் கொட்டு வாங்கினேன். "உங்க ஸ்கேல் பொய் சொல்லுதுங்கப்பா" என்று அழுதுகொண்டே வந்து நின்றேன். "பொய் இல்ல சாமி. பின்னால கொறையப் போறத இப்பவே சேத்திச் சொல்லுது" என்றார். பி.காமில் வாராக்கடனுக்கு ஒதுக்கீடு என்று ஒரு பாடம் வந்தபோது வகுப்பில் எனக்கு மட்டும் சட்டென்று புரிந்தது.

சரி, மூலைக்கு வருவோம். பவுண்டரியிலும் உள் மூலைதான் எதிரி. பேட்டர்னில் மூலை கூர்மையாக இருந்தால் அதற்கு எதிரே மண்ணில் கூரான விளிம்பு வரும். பேட்டர்னை எடுக்கும்போதே அது உதிரும். தப்பித்தவறி உதிராமல் நின்றால் பாய்ந்து வருகிற இரும்பு அடித்துக்கொண்டு போகும். அதையும் தாண்டினால், இரும்பு ஆறும்போது அந்த மூலையில்தான் வெடிப்பு விடும். அதனால் பேட்டர்னின் ஒவ்வொரு உள் மூலையையும் வளைவாக நிரப்புவார்கள். மெழுகு வைத்து நிரப்புவது உண்டு. பட்டி வைத்து நிரப்புவதும் உண்டு. இரண்டும் நாலு வார்ப்புக்கு மேல் பெயர்ந்துகொள்ளும் என்பது அப்பாவின் கட்சி. நிறைய உழைக்க வேண்டிய பேட்டர்ன் என்றால் தோல்தான் ஒட்டுவார். தோல் ஃபில்லெட். இது அவர் கண்டுபிடித்தது இல்லை. உலகம் பூராவும் பேட்டர்ன் ஷாப்களில் இருந்த பழைய வழக்கம்.

இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் என் விமானத்தில் ஒரு மூலை இருக்கிறது, அப்பாவிடம் மூலைக்கு வைத்தியம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததற்குக் காரணம் மறதி இல்லை. கல்லூரியில் யாராவது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் 'இன்ஜினியரிங் கம்பெனியில இருக்கார்' என்று சொல்வேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. கேட்பவர் என்ன நினைத்துக்கொள்வார் என்று தெரிந்தே சொல்வதுதான். அந்த வயதில் அப்பாவின் நகக்கண்ணில் இருக்கிற பசையும், சட்டையில் இருக்கிற மரத்தூளும் எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தன. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு அயிட்டத்தை எந்தத் தலைப்பில் போட்டால் கண்ணில் படாது என்பதை நான் பாடத்தில் கற்றுக்கொள்வதற்கு முன்பே பழகியிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா ஒரு துணிப்பை கொண்டுவந்தார். உள்ளே முழ நீளத்தில் தோல் பட்டை. நடுவில் ஆங்கில 'வி' மாதிரி காடி வெட்டிய ஒரு மரக்கட்டை. ஒரு சீவுளிக் கத்தி. அப்புறம் நாலைந்து கம்பிகள். ஒவ்வொன்றின் முனையிலும் பால்பேரிங் குண்டு பற்றவைத்திருந்தது. சுண்டைக்காய் அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை.

தோலைக் காடியில் அழுத்தி வைத்து மேலே கத்தியை ஓட்டினார். மேலே நீட்டிக்கொண்டிருந்தது சீவப்பட்டு, காடிக்குள் இருந்தது முக்கோணப் பட்டையாக வந்தது. மழமழப்பான பக்கம் வெளியே தெரிய வேண்டும். சொரசொரப்பான இரண்டு பக்கங்கள் மரத்தில் ஒட்ட வேண்டும். ஓரம் இரண்டும் பிளேடு மாதிரி மெலிந்து முடிய வேண்டும். அங்கேதான் சூட்சுமம். ஓரம் தடித்திருந்தால் பெயிண்ட் அடித்த பிறகும் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

பட்டறையில் இதற்கு வஜ்ஜிரம் காய்ச்சுவார்கள். வீட்டில் அம்மா அந்த நாற்றத்துக்கு அனுமதி தர மாட்டாள் என்பதால் ஃபெவிகால். முதலில் ஈரத்துணியில் தோலைச் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தார். ஈரம் பட்ட தோல் சொன்ன பேச்சு கேட்கும். அதற்குள் நான் அப்பிய களிம்பைக் கத்தி முனையால் பெயர்த்து, பள்ளம் விழுந்த இடத்தில் பால்சாத் துணுக்கை வைத்து ஒட்டி, மூலையை மூலையாக ஆக்கியிருந்தார். நான் டார்ச் பிடித்தேன். மின்சாரம் இருந்தது, நிழல் விழக் கூடாது என்று டார்ச்.

பசை தடவிய பட்டையை மூலையில் வைத்து, குண்டுக் கம்பியால் ஒரு முனையிலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே போனார். முக்கோணமாக இருந்த தோல் குண்டு போன வழியில் குழிந்து வளைவானது. ஒரு விஷயம் கவனித்தேன். இறக்கையின் மேல்புறம் தட்டையாக இருக்காது, முதுகு மாதிரி வளைந்திருக்கும். அதனால் முன்னால் மூலை ஒரு கோணத்தில் இருக்கும், பின்னால் போகப் போக வேறு கோணம். களிம்பு என்றால் அதை நம் விரல்தான் கணக்குப் பார்க்க வேண்டும். தோல் தானாகவே அந்தக் கோணத்துக்குப் படுத்துக்கொண்டது. இறக்கையின் முன் விளிம்பைச் சுற்றித் திரும்புகிற இடத்தில்தான் அப்பா நிறுத்தினார். பட்டையின் அந்த இடத்தை மட்டும் கத்தியால் இன்னும் மெலிதாக்கி, எச்சில் தொட்டு, கட்டை விரலால் இழுத்துத் திருப்பினார். சுருக்கம் விழவில்லை.

"நீ ஒட்டு அந்தப் பக்கம்" என்று கம்பியைக் கையில் கொடுத்தார்.

நான் ஒட்டினேன். மூன்று இடத்தில் சுருக்கம் விழுந்தது. பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னார். இரண்டாவது தடவை ஒரு சுருக்கம். "பரவால்ல உடு, அது அடிப்பக்கம்" என்று அவர் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. மூன்றாவது தடவை சரியாக வந்தபோது மணி பதினொன்றரை.

ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் ஓரங்களை மட்டும் நைஸ் உப்புத்தாளால் தடவினோம். தோலின் மழமழப்பான முகத்தில் உப்புத்தாள் படவே கூடாது. பட்டால் பஞ்சு பஞ்சாக முடி எழும்பும். அப்புறம் அது அடங்காது. மேலே இரண்டு கோட் டோப். நீங்கள் நினைக்கிற டோப் இல்லை. நெயில் பாலிஷுக்கு உறவுக்கார வார்னிஷ், வாசனையும் அதேதான். அதற்கு மேல் மெல்லிய காகிதம், மறுபடி டோப், பிறகு பெயிண்ட். எல்லாம் முடிந்து பார்த்தால் தோல் இருப்பதே தெரியவில்லை. இறக்கை உடம்பிலிருந்து முளைத்திருந்தது. எடை போட்டேன். நான் அப்பிய களிம்பில் கால் பங்குகூட இல்லை.

முகாம் சென்னைக்குப் பக்கத்தில். நீளமான மேஜைகளில் எல்லோருடைய விமானங்களும். ஒரு ஆபீசர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னுடையதில் நின்றார். குனிந்தார். எதிர்பார்த்தபடியே ஆள்காட்டி விரல் அந்த மூலைக்குப் போனது. முன்னாலிருந்து பின்னால் ஒரு தடவை. பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவை. தட்டிப் பார்த்தார்.

"பட்டி இல்லையே. என்ன இது?"

"லெதர் சார்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "லெதரா? யார் சொல்லிக் கொடுத்தது?"

பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வெவ்வேறு கல்லூரிப் பையன்கள். ஷூவில் முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டவர்கள். ஒரு விநாடிதான்.

"புக்ல படிச்சேன் சார்."

"வெரி குட்" என்றார். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

பறக்கும் போட்டியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. நாலரை நிமிடம் ஒழுங்காகப் பறந்தது. தலைகீழ் வட்டத்தில் எனக்குக் கை எது, வானம் எது என்று குழம்பியது. விமானம் மூக்கைத் தரையில் குத்தியது. ப்ரொப்பெல்லர் போனது, வால் தனியாக வந்தது. இறக்கையும் உடம்பும் சேர்ந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. நான் தேர்வாகவில்லை.

கோயம்புத்தூர் திரும்பியபோது அப்பா ப்ரைஸ் கிடைத்ததா என்று கேட்கவில்லை. விமானத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டு உடலியே?"

"உடலைங்கப்பா."

"ஆபீசர் பார்த்தாரா?"

"பார்த்தாருங்க. நல்லாருக்குன்னாரு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வால் உடைந்த இடத்தைச் சும்மா தடவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஆரு ஒட்டுனதுன்னு கேட்டாரா?"

"கேக்கலைங்க."

சரி என்று தலையாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

உங்களில் சில பேர் இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்கலாம். நானும் ரொம்ப வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை, கல்யாணம், சென்னை, பத்திரிகை. 2011ல் அப்பா போய்ச் சேர்ந்தார். நான் பத்திரிகைக்காரன், தினமும் ஒருத்தரிடம் போய் 'இதை யார் செய்தது, உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது' என்று கேட்டு எழுதுகிறவன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. அந்தத் தோல் வேலையை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

2018ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் மேய்ந்துகொண்டிருந்தேன். அட்டை கிழிந்த ஒரு அமெரிக்கப் பத்திரிகை கிடைத்தது. மாடல் விமானக்காரர்களுக்கானது. எழுபதுகளில் வந்த இதழ். பத்து ரூபாய். பழைய பாசத்தில் வாங்கி, பஸ்ஸில் புரட்டிக்கொண்டே வந்தேன். ஒரு கண்ட்ரோல் லைன் விமானத்தை எப்படி முடிப்பது என்று ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். அதில் இறக்கை மூலைக்கு வந்ததும், பவுண்டரி பேட்டர்ன் மேக்கர்களுக்குச் சாமான் விற்கிற இடத்தில் தோல் ஃபில்லெட் கிடைக்கும், அதை வாங்கி நனைத்து ஒட்டி, குண்டு முனைக் கம்பியால் நீவி விடுங்கள் என்று எழுதியிருந்தார். எபாக்ஸியை விட எடை குறைவு, பால்சாவைப் பள்ளம் பண்ணாது, வெடிக்காது. ஏறக்குறைய கல்லும் பஞ்சும்தான். இங்கிலீஷில்.

பஸ்ஸில் எனக்கு வியர்த்துவிட்டது. 'புக்ல படிச்சேன்' என்றேனே, அந்த புக் நிஜமாகவே இருந்திருக்கிறது.

அப்புறம் தேடித் தேடிப் படித்ததில் தெரிந்தது, அமெரிக்காவில் கண்ட்ரோல் லைன் சாகசப் போட்டிக்காரர்களிடம் இந்தத் தோல் வைத்தியம் பழக்கமான ஒன்று. அங்கே தேசியப் போட்டியில் பறப்பதற்கு முன்னால் எல்லா விமானங்களையும் தரையில் வரிசையாக நிறுத்தி, அழகுக்கும் வேலைப்பாட்டுக்கும் 20 மதிப்பெண் வரை போடுகிறார்கள். அதிக மதிப்பெண் வாங்கியவை முன் வரிசையில் நிற்கும். ஒரு தடவையாவது அந்த முன் வரிசையில் நிற்க வேண்டும் என்பதற்காகக் குளிர்காலம் முழுக்க உப்புத்தாளோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. சர்வதேசப் போட்டி விதிகளில் அழகுக்கு மார்க் கிடையாது. பறப்பதற்கு மட்டும்தான். எனக்கு அமெரிக்க விதிதான் பிடித்திருக்கிறது. ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

போன வருடம் ஊருக்குப் போனபோது கணபதியில் ஒரு பேட்டர்ன் ஷாப்புக்குப் போயிருந்தேன். அப்பா வேலை பார்த்தது இல்லை, வேறொன்று. மரத்தூள் வாசனையே இல்லை. கம்ப்யூட்டரில் வரைந்தால் மிஷின் செதுக்கித் தள்ளிவிடுகிறது. இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு தம்பி, திரையில் ஒரு பம்ப் உடம்பைச் சுழற்றிக் காட்டினார். உள் மூலைகள் எல்லாம் கூர்மையாக இருந்தன. மவுஸால் ஒரு பட்டனை அழுத்தினார். பட்டனின் பெயர் ஃபில்லெட். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டது. ஆறு என்று அடித்தார். எல்லா மூலையும் ஒரே நேரத்தில் வளைந்தன.

"முந்தி இதத் தோல்ல ஒட்டுவாங்க" என்றேன்.

"தோல்லீங்களா? ஆருங்க அது?" என்று நம்பாமல் சிரித்தார்.

"எங்கப்பா. இங்கதான் பக்கத்துல ஒரு பவுண்டரில பேட்டர்ன் மேஸ்திரி."

தம்பி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நனைக்கிறதிலிருந்து ஆரம்பித்து, குண்டுக் கம்பி வரைக்கும் சொன்னேன். முன் விளிம்பில் எச்சில் தொட்டுத் திருப்புகிற இடத்தில் கையாலேயே செய்து காட்ட வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுப் பரணில் ஏறினேன். பழைய பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால், தினத்தந்தியில் சுற்றி, அந்த விமானம் இருந்தது. அப்பாதான் சுற்றி வைத்திருக்க வேண்டும். ஒட்டிய காகிதம் காய்ந்த இலை மாதிரி நொறுங்கியது. பால்சாவைப் பாதி இடத்தில் பூச்சி தின்றிருந்தது. பெயிண்ட் வெடித்துப் பெயர்ந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் தோல் தெரிந்தது. அவர் ஒட்டிய பக்கமா, நான் ஒட்டிய பக்கமா என்று உடனே சொல்ல முடியவில்லை. ஓரத்தில் கட்டை விரல் நகத்தை வைத்து நெம்பிப் பார்த்தேன். வரவில்லை.